செல்வக்கனியின் கடைசிச் சொல்

கல் வெட்டுகிறவர் மூன்றாவது தடவையாகக் கேட்டுவிட்டார். "என்ன எழுதணும்னு இன்னும் முடிவு பண்ணலையா அண்ணாச்சி? நாப்பதாம் நாளுக்குள்ள நடணும்னு சொன்னீங்களே. கல்லறைக் கல்லு தயாரா நிக்கு."

பூவனலிங்கம் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். மாமியார் ஞானவடிவு நோட்டுத் தாளில் கோணல் மாணலாக எழுதிக் கொடுத்த சீட்டு அங்கேதான் இருந்தது. மகள் பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி, அதன் கீழே ஒரு வரி: 'ஆண்டவரே, என்னச் சேத்துக்கிடும்.' அதை எடுத்து நீட்ட வேண்டியதுதான். கை போகவில்லை.

"நாளைக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டு லோடு ஆட்டோவை எடுத்தான். பின்னால் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகவேண்டிய குச்சி மூட்டைகள் இருந்தன. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு தாண்டும்வரை பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன. அவன் அவ்வளவு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தான்.

ஓடைப்பட்டி, பசுவந்தனைக்கு மேற்கே இருக்கிற சின்ன ஊர். சுற்றிலும் கரிசல். மழை பெய்தால் உளுந்து, பாசி, மக்காச்சோளம். பெய்யாவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ். ஊரில் ஏழெட்டு வீடுகள்தான் வேதக்காரர்கள். அதில் ஒன்று ஞானவடிவின் வீடு. புருஷன் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. ஒரே மகள் செல்வக்கனி. அவளைக் கட்டிக்கொள்வதற்காகப் பூவனலிங்கம் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தான். அன்று அவனுக்குத் தாவீது என்று பெயர் வைத்தார்கள். வைத்த பாஸ்டர் உட்பட ஒருத்தரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கோவில்பட்டிச் சாமியின் பெயரான பூவனலிங்கம்தான் நிலைத்தது. அவனுடைய வீட்டார் கோபித்துக்கொண்டு வாசல்படி ஏற வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் ஒன்பது வருஷமாக மாமியார் வீட்டில்தான் இருக்கிறான்.

ஆவணி கடைசியில், செல்வக்கனி வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீசில், மருந்து முக்கிய குச்சிகள் காய்கிற அறையில் தீப்பிடித்தது. மூன்று பேர் வெளியே ஓடிவந்தார்கள். செல்வக்கனிதான் கடைசியாக வந்தாள். திருநெல்வேலி பெரியாஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்தாள். கூட ஒரே ஆள்தான் இருக்கலாம் என்றார்கள். ஞானவடிவுக்குச் சர்க்கரை, ராப்பகலாகக் கண் விழித்து நிற்க முடியாது. அதனால் பூவனலிங்கம் இருந்தான்.

பத்தாம் நாள் காலையில் புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டு நர்சுகள் போனார்கள். அவர்கள் போனதும் செல்வக்கனி தண்ணீர் கேட்டாள். அவன் பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தான். அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள். மறுநாள் பதினொரு மணிக்கு இறந்துபோனாள். இடையில் வேறு எதுவும் பேசவில்லை.

உடலை ஊருக்குக் கொண்டுவந்து இறக்கியபோது தெருவே கூடியிருந்தது. ஞானவடிவு அழாமல் வந்து அவன் கையைப் பிடித்தாள். "மருமவனே, எம் பிள்ள போவும்போது ஆண்டவரச் சொல்லிக்கிட்டே போனாளா?"

அத்தனை பேரும் அவன் வாயைப் பார்த்தார்கள். "சொன்னா அத்தை" என்றான். அதோடு நின்றிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "'ஆண்டவரே, என்னச் சேத்துக்கிடும்'னு சொன்னா."

அதற்குப் பிறகுதான் ஞானவடிவு வாய்விட்டு அழுதாள். அது பாரம் இறங்கின அழுகை. செண்பகராஜ் பாஸ்டர் கல்லறைத் தோட்டத்தில் அந்த வரியை வைத்துத்தான் முக்கால் மணி நேரம் பேசினார். கடைசிவரை நிலைத்து நின்ற சகோதரி என்றார். ஓட்டத்தை முடித்தவள் என்றார். பூவனலிங்கம் குழிமேட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

புரட்டாசி நடுவில் ஒரு நல்ல மழை விழுந்தது. செத்த வீடு என்று மழை காத்துக்கொண்டிருக்குமா? டிராக்டர் பிடித்து ஒன்றரை ஏக்கரிலும் உளுந்து விதைத்தார்கள். முளைத்து வந்ததோடு களையும் வந்தது. ஒருநாள் பூவனலிங்கத்தின் அண்ணன் சிவனாண்டி கடம்பூர்ப் போளி ஒரு பொட்டலத்தோடு வந்து, வீட்டுக்குள் நுழையாமல் வேலியோரம் வண்டியை நிறுத்திக்கொண்டு பேசினான்.

"யாருக்காக இங்கன கெடக்கே? அந்தப் பிள்ளையே போயிட்டு. அம்மாவும் ஒன்னப் பாக்கணும்னு அழுதா. நாப்பது கழிஞ்சதும் வந்துருடே. பழையபடி இருந்துக்கிடலாம்."

"பாப்போம்ணே."

"எந்தச் சாமியக் கும்பிட்டாலும் விதிச்சதுதான் நடக்கும். அவ கும்பிட்ட சாமி அவளக் காப்பாத்திச்சா?"

அண்ணன் சாதாரணமாகத்தான் சொன்னான். அவன் போனபின் பூவனலிங்கம் போளியைக் கையில் வைத்துக்கொண்டு வேலியோரமே நின்றான். செல்வக்கனி சொன்னதும் கிட்டத்தட்ட அதைத்தான்.

ஐப்பசி பிறந்த அன்று மாமியாரும் மருமகனும் களையெடுக்கப் போனார்கள். முந்தின நாள் தூறல் விழுந்திருந்ததால் காலில் கரிசல் அப்பிக்கொண்டது. பத்தடிக்கு ஒருதரம் நின்று குச்சியால் வழித்துப் போட வேண்டியிருந்தது. ஞானவடிவு குத்தவைத்தபடி களைக்கொத்தால் சாரணையையும் கோரையையும் கொத்திப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"கல்லுக்காரரு இன்னைக்காது கடை தெறப்பாரா மருமவனே?"

"தெறந்துதான் இருக்கு அத்தை."

"நேத்து பூட்டிக் கெடந்துன்னீங்களே?"

"நேத்தும் தெறந்துதான் இருந்துச்சு. முந்தா நாளும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் களைக்கொத்தை மண்ணில் குத்திவிட்டு எழுந்து நின்றான். பிறகு நிற்பது தப்பு என்று தோன்றியதுபோல மறுபடியும் உட்கார்ந்தான்.

"அந்த வரிய எழுத வேண்டாம் அத்தை. அவ அதச் சொல்லல. நாந்தான் சொன்னேன்."

ஞானவடிவின் கை மூன்று நான்கு தரம் தானாகக் கொத்தியது. ஒரு உளுந்துச் செடியும் சேர்ந்து போயிற்று. அவள் அதைப் பார்த்தாள்.

"ஒண்ணுமே சொல்லாம போயிட்டாளா?"

அவனுக்கு அங்கேயே ஒரு வழி திறந்தது. ஆமாம் என்று சொன்னால் முடிந்துபோகும். இல்லையென்று தலையை ஆட்டினான். "சொன்னா."

"என்ன சொன்னா? அவ சொன்னத அப்படியே சொல்லுங்க. கூட்ட வேண்டாம், கொறைக்கவும் வேண்டாம்."

"'தலமாட்டுல இருக்க வேதப்புத்தகத்த எடுத்துருங்க'ன்னா. எடுத்தேன். 'அவரு என்னக் கைவிட்டுட்டாரு. இனிமே எனக்கு ஏசு வேண்டாம். எனக்காவ யாரும் ஜெபம் பண்ண வேண்டாம்'னா. அவ்ளோதான் அத்தை."

தூரத்தில் மக்காச்சோளத்துக்கு மருந்தடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஞானவடிவு அந்த நிரை முடியும்வரை கொத்திக்கொண்டே போனாள். வரப்பில் போய் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவன் பின்னாலேயே போய்ச் சற்றுத் தள்ளி நின்றான்.

"வலியில ஒளறுனாளா? நெனவு இருந்துச்சா?"

"அத்தை..."

"கேக்கேன்லா."

"நெனவு இருந்துச்சு. எம் பேரச் சொன்னா. 'அம்மாவுக்குச் சீனி மாத்திர முடிஞ்சிருக்கும், வாங்கிக் குடுங்க, மறந்துராதீங்க'ன்னா. அதுக்கப்புறந்தான் அதச் சொன்னா."

ஞானவடிவு தன் வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். "தெளிவாத்தான் இருந்திருக்கா" என்றாள், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. "எம் மாத்திரைய நெனச்சிருக்கா. அப்ப தெளிவாத்தான் இருந்திருக்கா."

"நான் பொய் சொன்னது தப்புதான். ஊரு முன்னால வச்சுக் கேட்டீங்க. எனக்கு..."

"உங்களக் குத்தம் சொல்லல. இத்தன நாளும் ஒத்தையில வச்சுக்கிட்டு எப்படிச் சோறு தின்னீங்க?"

அவன் அழுதுவிட்டான். மனைவி செத்தபோதுகூட அவன் அப்படி அழவில்லை.

அதன்பிறகு மூன்று நாள் அந்த வீட்டில் பேச்சில்லை. ஞானவடிவு சோறு பொங்கினாள், ஆட்டுக்குக் குழை போட்டாள், களைக்குப் போய் வந்தாள். சாப்பாட்டுக்கு முன்னால் சொல்கிற ஜெபத்தை மட்டும் விட்டுவிட்டாள். தட்டை வைத்துவிட்டு ஒரு நிமிஷம் பேசாமல் இருப்பாள், பிறகு "சாப்பிடுங்க" என்பாள். பூவனலிங்கத்துக்கு அந்த ஒரு நிமிஷம்தான் தாங்க முடியாமல் இருந்தது. தன்னைக் கையைப் பிடித்து ஆண்டவரிடம் கூட்டிக்கொண்டு வந்தவளே விட்டுவிட்டுப் போய்விட்டாள், இப்போது இவளையும் தான் கெடுத்துவிட்டோமோ என்று நினைத்தான்.

நாலாம் நாள் காலையில் அவள் சேலையை மாற்றிக்கொண்டு வந்து லோடு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். "பாஸ்டர் வீட்டுக்குப் போணும்."

செண்பகராஜ் பாஸ்டரின் வீடு கோவில்பட்டியில், தகரக் கூரை போட்ட ஜெபக்கூடத்தை ஒட்டியே இருந்தது. ஐம்பது வயதுக்காரர். கண்டிப்பான ஆள் என்று பெயர். சபையில் ஒருத்தன் கள் குடித்தான் என்று தெரிந்தால் பேரைச் சொல்லியே ஜெபம் பண்ணுவார். ஆனால் ஆஸ்பத்திரிக்கு மூன்று தரம் பஸ் ஏறி வந்து வாசலில் நின்றவரும் அவர்தான்.

ஞானவடிவு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். மகள் சொன்ன சொற்களை, ஒன்றும் விடாமல், தானே சொன்னாள். சொல்லிவிட்டுக் கேட்டாள்.

"இப்ப எம் மவ எங்க இருக்கா பாஸ்டர்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நெனவில்லாமச் சொல்லியிருப்பா..."

"நெனவோடதான் சொல்லியிருக்கா. அத விசாரிச்சிட்டேன்."

பாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அம்மா, உங்களுக்கு ஆறுதலா இருக்கணும்னு நான் ஒண்ணச் சொல்லிற முடியாது. நான் படிச்ச வரைக்கும், கடைசி மட்டும் பிடிச்சுக்கிட்டு இருக்கணும். மறுதலிச்சா அவரும் மறுதலிப்பாரு. அப்படித்தான் இத்தன வருசமாச் சொல்லிட்டு வாரேன்."

"ஆறுதலுக்கு வரல. பொய்யோட இருந்தது போதும்."

"இன்னொண்ணும் இருக்கு. ஒருவேள அந்தப் பிள்ள மொதல்ல இருந்தே முழுசா வரலியோ என்னவோ. மேலுக்கு வந்திருக்கலாம். உள்ளுக்குள்ள..."

"பாஸ்டர்." ஞானவடிவின் குரல் உயரவில்லை. "மூணு பிள்ள அவ வயித்துலயே போச்சு. மூணாவது போனப்ப ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கு சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பேறுகாலம்னு உளுந்தங்களி கிண்டி எடுத்துட்டுப் போனா. 'ஆண்டவரு அவளுக்குக் குடுத்துருக்காரும்மா'ன்னு சிரிச்சிட்டே சொன்னா. மேலுக்கு வந்தவளா அவ? நீங்களே சொல்லுங்க."

பாஸ்டர் கண்ணாடியை மறுபடியும் கழற்றினார்.

"ஒண்ணு கேக்கேன். படிக்காதவ கேக்கேன். அவளுக்கு நாலு வயசு இருக்கும். இதே ஐப்பசிதான். பசுவந்தனையில இருந்து ரெண்டு பேரும் நடந்து வாரோம். ஓடையில முட்டளவு தண்ணி. தூக்கி இடுப்புல வச்சிட்டு எறங்குனேன். மேக்க எங்கயோ பேஞ்ச மழ, பாதியில வரும்போது சடார்னு ஏறிட்டு. இடுப்புக்கு வந்துட்டு, நெஞ்சுக்கு வந்துட்டு. அவ பயந்துட்டா. ஏதோ நாந்தான் அவளத் தண்ணிக்குள்ள முக்குதேன்னு நெனச்சிட்டா. 'என்ன விடு, என்ன விடு'ன்னு கத்துதா. மூஞ்சியில அடிக்கா. இந்தா, இங்கன கடிச்சா." முழங்கைக்கு மேலே ரவிக்கைக் கையைத் தூக்கிக் காட்டினாள். வெளுத்த பிறைபோல ஒரு தழும்பு இருந்தது. "ரத்தம் வருது. நான் விட்டனா பாஸ்டர்? அவ சொன்னத நிசம்னு எடுத்துக்கிட்டு விட்டிருந்தா, அவ அன்னைக்கே வேம்பாத்துக் கடலுக்குப் போயிருப்பா. அவ பிடிச்சு அவ கரையேறல. நான் பிடிச்சு ஏறுனா."

"அது தாய்ப்பாசம் அம்மா. தேவனுக்கு நியாயம்னு ஒண்ணு இருக்கு."

"நியாயம் வேண்டாம்னுதான பாஸ்டர் நாம எல்லாரும் அவருகிட்ட வந்தோம்? நியாயம் பாத்தா நீங்களும் நானும் அங்கன நிக்க முடியுமா?"

பூவனலிங்கம் வாசல் நிலையில் சாய்ந்து நின்றவன், உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தான். அவனுக்காகவும்தான் அவள் பேசுகிறாள் என்று அவனுக்குத் தோன்றியது.

"எனக்குத் தெரியல அம்மா" என்றார் பாஸ்டர் கடைசியில். "சத்தியமாத் தெரியல."

"தெரியலன்னு சொன்னீங்களே, அது போதும்" என்று எழுந்தாள் ஞானவடிவு.

திரும்பும் வழியில் கல் வெட்டுகிறவரிடம் நிறுத்தச் சொன்னாள். அவளே இறங்கிப் போனாள். பெயரும் இரண்டு தேதிகளும் போதும் என்றாள். "கீழ எடம் வெறுமையா இருக்குமே பாட்டியம்மா, ஒரு வசனமாவது போடுவோமே" என்றார் அவர். "இருக்கட்டும்" என்றாள். அன்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "ஆண்டவரே, எம் பிள்ள உம்மகிட்டதான் இருக்கா. சாப்பாட்டுக்கு ஸ்தோத்திரம்" என்றாள். அவ்வளவுதான் ஜெபம். பூவனலிங்கம் ஆமென் சொல்ல மறந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

நாற்பதாம் நாள் மத்தியானம் வீட்டு முன்னால் சாமியானா கட்டி, வாடகை நாற்காலி போட்டிருந்தார்கள். வேதக்காரர்கள், தெருக்காரர்கள், தீப்பெட்டி ஆபீசில் கூட வேலை பார்த்த பெண்கள் என்று எண்பது பேர் இருக்கும். சிவனாண்டியும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். வானம் மூடிக்கொண்டு வந்தது. பின்னால் அடுப்பில் சாம்பார் கொதிக்கிற வாசனை. பாட்டுகள் முடிந்து பாஸ்டர் எழுந்திருக்கப் போகும்போது, ஞானவடிவு எழுந்து முன்னால் வந்தாள். மைக்கை வாங்கவில்லை.

"அடக்கத்தன்னைக்கு எம் மவ ஆண்டவரச் சொல்லிக்கிட்டே போனான்னு எல்லாரும் கேட்டீங்க. அது நிசமில்ல. எம் மவ வலி பொறுக்காம, ஏசு வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிட்டா."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. யாரோ ஒரு பெண், "ஐயோ, இத எதுக்கு இப்பச் சொல்லுதா?" என்றாள்.

பூவனலிங்கம் எழுந்துவிட்டான். "பொய் சொன்னது நான். அத்தைக்குத் தெரியாது. நாந்தான் சொன்னேன்." அதற்குமேல் அவனுக்கு வரவில்லை. உட்காரவும் தெரியாமல் நின்றான்.

"எம் மருமவன் பொய் சொன்னது எம் மேல உள்ள பிரியத்துல" என்றாள் ஞானவடிவு. "நான் ஏன் சொல்லுதேன்னா, நாளைக்கு உங்கள்ல ஒருத்தருக்கு இப்படி வரும். வலியில, பசியில, பிள்ள போன துக்கத்துல, வேண்டாம்னு சொல்லிருவீங்க. அன்னைக்கு எம் மவள நெனச்சுக்கிடுங்க. அவ விட்டுட்டா. அவரு விடல. எனக்கு வேற தெரியாது." சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

எல்லாரும் பாஸ்டரைப் பார்த்தார்கள். அவர் எழுந்தார். வேதப்புத்தகத்தைத் திறந்தார். அன்றைக்கென்று எழுதிக்கொண்டு வந்திருந்த காகிதத்தைப் பார்த்தார். மூடிவிட்டு, "ஜெபம் பண்ணுவோம்" என்றார். கண்ணை மூடினார். ஆனால் வார்த்தை எதுவும் வரவில்லை. அவர் சொல்லாமலே கூட்டமும் அப்படியே தலைகுனிந்து இருந்தது. நெடுநேரம் கழித்து அவர் ஆமென் என்றபோது எல்லாரும் ஆமென் என்றார்கள்.

பந்தி நடந்தது. சோறு, சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், அப்பளம். பூவனலிங்கம் வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறினான். அண்ணன் இலைக்கு வந்தபோது சிவனாண்டி அவனை ஏறிட்டுப் பார்த்து, "அம்மாட்ட நான் சொல்லிக்கிடுதேன். நீ இங்கனயே இருடே. அந்த அம்மைய ஒத்தையில விடாத" என்றான். பூவனலிங்கம் அண்ணன் இலையில் இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினான்.

பாஸ்டர் பந்தியில் உட்காரவில்லை. அடுப்படிப் பக்கம், ஞானவடிவு அப்பளக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு இருந்த இடத்துக்கு வந்து, கவிழ்த்து வைத்திருந்த அண்டாமேல் உட்கார்ந்தார்.

"எனக்கொரு அண்ணன் உண்டும்மா" என்றார். "என்ன ஆண்டவருகிட்டக் கூட்டிட்டு வந்தவனே அவந்தான். ஊழியக்காரன். சைக்கிள்ல ஊரு ஊராப் போயிப் பிரசங்கம் பண்ணுவான். பெறகு குடிக்க ஆரம்பிச்சான். எல்லாத்தையும் விட்டான். ஒருநாள் எங்கிட்ட வந்து, 'நான் சொன்னதெல்லாம் பொய்டே, நம்பாத'ன்னு சொல்லிட்டுப் போனான். மணியாச்சி ஸ்டேஷன்ல செத்துக் கெடந்தான். பதினாலு வருசமாச்சு."

ஞானவடிவு கூடையைக் கீழே வைத்தாள்.

"இந்தப் பதினாலு வருசத்துல நான் ஒரு ஜெபத்துலகூட அவன் பேரச் சொன்னதில்ல. போனவன் போனவன்தான்னு வச்சிருந்தேன். இன்னைக்குக் கண்ண மூடுனதும் அவன்தான் வந்து நின்னான். பேர் வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்ல முடியல."

சாமியானாவின்மேல் முதல் துளிகள் விழுந்தன. பந்தியில் இருந்தவர்கள் இலையைக் கையால் மறைத்துக்கொண்டு சிரித்தார்கள். ஞானவடிவு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பச் சொல்லுங்க பாஸ்டர். உங்க அண்ணன் பேரு என்ன?"

அவர் அண்டாவிலிருந்து எழுந்து நின்றார்.

"தேவஇரக்கம்" என்றார்.